மெலிந்த உடல் கண்ட மென்னெறி
கானோ ஜிகோரோவின் வாழ்க்கை

ஜூடோ என்னும் ஜப்பானியச் சொல் இரண்டு எழுத்துகளால் ஆனது. ஜூ என்பது மென்மையையும் இணக்கத்தையும் குறிக்கும். டோ என்பது வழியை, நெறியைக் குறிக்கும். எதிராளியைத் தூக்கி நிலத்தில் எறியும் ஒரு போர்க்கலைக்கு மென்னெறி என்று பெயர் வாய்த்திருப்பது முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றும். அக்கலையை வகுத்தளித்த கானோ ஜிகோரோவின் வாழ்க்கையை அறிந்தவர்க்கு அம்முரண் நீங்கிவிடும். வலிமை மிக்க வீரர் ஒருவர் முதிர்ந்த வயதில் மென்மையை விரும்பி ஏற்ற வரலாறன்று அது. நலிந்த உடல் வாய்த்த சிறுவன் ஒருவன், அந்நலிவையே ஒரு வினாவாக்கிக்கொண்டு விடை தேடிப் புறப்பட்ட வரலாறு. கிடைத்த விடை, கேட்ட வினாவைவிடப் பெரிதாக இருந்தது என்பதே அவ்வாழ்க்கையின் சிறப்பு.

கானோ 1860ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், இன்றைய கோபே நகரின் பகுதியாக உள்ள மிகாகே என்னும் கடற்கரையூரில் மூன்றாம் மகனாகப் பிறந்தார். அரிசி மது வடிப்பில் பெயர்பெற்றது அவர்தம் தாய்வழிக் குடும்பம். தந்தையார் ஜிரோசாகு மணவழியில் அக்குடும்பத்திற்கு வந்தவர். குடும்பத் தொழிலை ஏற்காமல் கப்பல் போக்குவரத்து தொடர்பான அரசுப் பணியில் ஈடுபட்டவர். கானோ பிறந்து எட்டாண்டு கழித்து, 1868இல், மெய்ஜி ஆட்சி மலர்ந்தது. பல நூற்றாண்டுகளாக நாட்டை ஆண்டுவந்த படைத்தலைவர்களின் காலம் முடிந்து, மேலை நாட்டுக் கல்வியும் பொறிகளும் ஆடைகளும் வெள்ளம்போல் வந்து புகுந்தன. சிறுவனுக்கு ஒன்பது வயதளவில் தாயார் மறைந்தார். பின்னர்த் தந்தையார் மகனை டோக்கியோவுக்கு அழைத்துச் சென்றார். சீனச் செவ்வியல் நூல்களும் எழுத்தணியும் ஒருபுறம், ஆங்கிலம் மறுபுறம் என இருவேறு உலகங்களின் கல்வி அவருக்கு ஒருசேரக் கிடைத்தது.

1873இல் கானோ சேர்ந்த விடுதிப் பள்ளியில் வெளிநாட்டு ஆசிரியர்கள் பாடம் சொல்லினர். படிப்பில் அவர் முன்னணியில் நின்றார். ஆயின் அவ்விடுதியின் நடைமுறைச் சட்டம் வேறாக இருந்தது. உடல்வலிமை உடையவன் கட்டளையிட்டான், இல்லாதவன் பணிந்தான். வளர்ந்து ஆளான பின்னும் ஐந்தடி இரண்டங்குல உயரமே எட்டிய கானோ, அந்நாளில் 50 கிலோவுக்கும் குறைந்த எடையுடையவர். நோஞ்சான் என்றே மதிக்கத்தக்க உடல்வாகு. அறிவில் தாழ்ந்தவர்களிடம் அடியும் ஏளனமும் பெற்றுப் பணிந்துபோக வேண்டிய நிலை அவரை வாட்டியது. இயல்பிலேயே சினம் மிக்கவர் அவர். வெளிப்படுத்த வழியில்லாத சினம் உள்ளே கனன்றுகொண்டிருந்தது.

வலிமை குறைந்தவன் வலியவனை வெல்ல ஒரு கலை உண்டு என்றும், அதற்கு ஜுஜுட்சு என்று பெயர் என்றும் அவர் கேள்வியுற்றது இந்நிலையில்தான். தந்தையாரைக் காண வந்துபோன முன்னாள் அரசுப் பணியாளர் ஒருவர் அதனை அறிந்திருந்தார். கற்றுத் தருமாறு சிறுவன் வேண்டினான், அவர் மறுத்தார். அதனை அறிந்த வேறு சிலரிடமும் வேண்டினான், அவர்களும் மறுத்தனர். புதிய காலத்திற்குப் பழைய சண்டைக்கலை எதற்கு என்பதே பெரியோர் கருத்தாக இருந்தது. தந்தையாரும் அதற்கு இசையவில்லை.

அவர்கள் கூறியதிலும் உண்மை இருந்தது. 1876இல் சாமுராய் வகுப்பினர் பொது இடங்களில் வாள் தரிப்பது தடைசெய்யப்பட்டது. போர்க்கலை ஆசான்கள் மாணவரின்றி வறுமையுற்றனர். அவர்களுள் பலர் எலும்பு முறிவுக்கும் மூட்டுப் பிசகுக்கும் கட்டுப்போடும் வைத்தியர்களாக வாழ்க்கை நடத்தினர். மூட்டை எவ்வாறு பிசக வைக்கலாம் என்று கற்றவர்களுக்கு அதனை எவ்வாறு பொருத்தலாம் என்பதும் தெரிந்திருந்தது. இதனை அறிந்த கானோ, 1877இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபின், எலும்பு வைத்தியர்களின் பெயர்ப்பலகைகளைத் தேடி நகர்த் தெருக்களில் அலைந்தார். பிறரைப் பணியவைக்கும் கலையைத் தேடியவர், பிறர் நோயைத் தீர்ப்போரின் வாயிலில் சென்று நின்றமை எண்ணத்தக்கது. அவ்வாறு கண்டடைந்த ஆசானே ஃபுகுடா ஹாச்சினோசுகே.

ஃபுகுடா கற்பித்தது தென்ஜின் ஷின்யோ என்னும் மரபு. அம்மரபின் பெயரிலேயே உண்மை வில்லோ என்னும் பொருள் அமைந்துள்ளது. பனிக்காலத்தில் விறைத்து நிற்கும் மரக்கிளைகள் பனியின் சுமை தாங்காது முறிய, வில்லோ மரத்தின் மெல்லிய கிளைகளோ வளைந்து பனியைச் சரியவிட்டு மீண்டும் நிமிர்வதைக் கண்ட ஒருவரே இத்தகைய மரபுகளுக்கு மூலவர் என்பது ஜப்பானியர் வழங்கும் கதை. வெள்ளத்திற்கு வளையும் நாணலைக் கண்டு வளர்ந்தவர்க்கு இக்கதை எளிதில் விளங்கும். ஆனால் கதையைக் கேட்பது வேறு, உடம்பால் கற்பது வேறு.

ஃபுகுடாவின் கற்பிக்கும் முறையில் விளக்கம் என்பதே இல்லை. ஒருநாள் ஆசான் ஒரு வீழ்த்துமுறையால் கானோவை எறிந்தார். எழுந்த கானோ, கையை எங்கு வைப்பது, காலை எவ்வாறு பெயர்ப்பது என்று பல்கலைக்கழக மாணவனுக்கு இயல்பான ஆர்வத்தோடு வினவினார். மீண்டும் வரச்சொல்லி ஆசான் மறுபடியும் எறிந்தார். மறுபடியும் வினா, மறுபடியும் வீழ்ச்சி. கேட்டுத் தெரிந்துகொள்ள இயலாது, பலமுறை விழுந்தே அறிய வேண்டும் என்பதே அதன் பொருள். நாள்தோறும் விழுந்து விழுந்து கானோவின் உடம்பெங்கும் காயங்கள். அவற்றின்மேல் களிம்புப் பற்றிட்டுக்கொண்டு, அதன் நெடியோடு வகுப்பிற்குச் செல்லும் அவரைக் கண்டு நண்பர்கள் நகைத்தனர். அக்காலத்தில் அவர் அணிந்து கிழித்துத் தைத்த பயிற்சிச் சட்டை பின்னாளில் காட்சிப்பொருளாகப் போற்றப்பட்டது.

உடன் பயின்றவர்களுள் ஃபுகுஷிமா என்னும் பருத்த உடலினர் ஒருவர் இருந்தார். கானோவால் அவரை அசைக்கவும் இயலவில்லை. ஆசான் கற்பித்த உத்திகள் பயன்படவில்லை. ஜப்பானிய சுமோ மல்லர்களின் உத்திகளை முயன்றார், அவையும் பயன்படவில்லை. பிறகு கானோ செய்த செயலே அவர் எத்தகையவர் என்பதைக் காட்டுகிறது. அவர் நூலகத்திற்குச் சென்றார். மேலை நாட்டு மற்போரைப் பற்றிய நூல்களைப் புரட்டினார். எதிராளியின் கையைப் பற்றித் தாழ்ந்து, அவர் உடலைத் தம் தோள்களின் குறுக்கே சுமந்து, மறுபுறம் இறக்கும் ஒரு முறையை அங்கே கண்டார். நண்பர்களோடு அதனைப் பழகிப் பார்த்து, ஒருநாள் ஃபுகுஷிமாவின்மேல் செலுத்தினார். அப்பெரிய உடல் அவர் தோளைக் கடந்து பாயில் விழுந்தது. பின்னர்த் தோட்சக்கரம் என்னும் பொருளில் கதகுருமா எனப் பெயர்பெற்ற வீழ்த்துமுறை இதுவே.

இப்பயிற்சியின் ஊடே கானோ எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. பிறரிடம் அடிபடாதிருக்க வேண்டும் என்பதற்காகக் கற்கத் தொடங்கியவர், தம் உடல் நலம் பெறுவதையும், அதைவிட வியப்பாகத் தம் சினம் அடங்குவதையும் கண்டார். எதிராளியின் ஒவ்வோர் அசைவையும் கூர்ந்து கவனிக்க வேண்டிய கலையில் சினத்திற்கு இடமில்லை. சினந்தவன் தன்னையே பார்க்கிறான். எதிரே நிற்பவனைப் பார்ப்பதில்லை. இவ்வளவு நன்மை தரும் ஒன்றைத் தாம் மட்டும் வைத்திருத்தல் தகாது, பிறர்க்கும் அளிக்க வேண்டும் என்னும் எண்ணம் அப்போது அவருள் வேர்கொண்டது. பழிதீர்க்கும் விழைவாகத் தொடங்கியது கல்விப் பணியாக மாறிய இடம் இதுவெனலாம்.

1879இல் அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் கிராண்ட் ஜப்பானுக்கு வந்தபோது, ஷிபுசாவா எய்ச்சி என்னும் தொழிலதிபரின் மாளிகையில் ஜுஜுட்சு நிகழ்ச்சி ஒன்று நடைபெற்றது. ஆசான் ஃபுகுடாவோடு இளைஞர் கானோவும் அதில் பங்கேற்றார். அடுத்த சில நாள்களில் ஃபுகுடா காலமானார். அவருடைய சுவடிகளை அவர்தம் குடும்பத்தார் கானோவிடமே ஒப்படைத்தனர். கானோ அடுத்து அதே மரபைச் சேர்ந்த இசோ மசதோமோ என்னும் முதியவரிடம் பயின்றார். இரண்டே ஆண்டுகளில் அவரும் மறைந்தார். அடுத்து வாய்த்தவர் கிதோ மரபின் ஆசானான ஈகுபோ சுனெதோஷி. நின்ற நிலையில் எதிராளியை வீழ்த்துவதில் வல்லவர் அவர்.

ஈகுபோவோடு சில ஆண்டுகள் பயின்றபின், ஒருநாள் கானோ அவரை வீழ்த்தினார். அதற்குமுன் வீழ்த்தப்படுபவராகவே இருந்த மாணவர், அன்று மீண்டும் மீண்டும் ஆசானை வீழ்த்திக்கொண்டிருந்தார். வியந்த ஆசான் காரணம் வினவினார். எதிராளியின் சமநிலையை முதலில் குலைத்துவிட்டுப் பின்னர் வீழ்த்துவதாகக் கானோ விளக்கினார். இனிக் கற்பிக்கத் தம்மிடம் ஒன்றுமில்லை என்று ஆசானே மனமுவந்து கூறிவிட்டார். குசுஷி எனப்படும் இச்சமநிலைக் குலைவே ஜூடோவின் உயிர்நிலை.

அதன் இயக்கத்தைக் கானோ எண்களால் விளக்குவது வழக்கம். ஒருவனுடைய வலிமை 10 என்றும் மற்றவனுடையது 7 என்றும் கொள்வோம். 10 தள்ளும்போது 7 எதிர்த்து நின்றால், தோற்பது 7. ஆனால் 7 எதிர்க்காமல், தள்ளும் அளவுக்கே பின்வாங்குமானால், தள்ளியவன் தன் விசையாலேயே முன்னோக்கிச் சாய்வான். சாய்ந்த அந்நொடியில் அவனிடம் பயன்படும் வலிமை 10 அன்று. வெறும் 3 ஆகலாம். பின்வாங்கியவனிடமோ 7 முழுமையாக இருக்கிறது. அப்போது அதில் பாதியே போதும். இங்கு வளைந்து கொடுத்தல் தோல்வியை ஏற்பதாகாது. எதிராளியின் விசையைக் கேட்டறிவதாகும். ஆயினும் கானோ இதனோடு நிற்கவில்லை. பின்னாலிருந்து ஒருவன் இறுகக் கட்டிப்பிடித்தால் வளைந்து கொடுக்க வழியேது என்று தாமே வினா எழுப்பினார். வளைதல் ஒரு வகை மட்டுமே. உள்ளும் புறமும் உள்ள ஆற்றலை எந்த நேரத்தில் எவ்வாறு செலவிடுதல் நன்று என்று அறிவதே முழுமையான நெறி என்னும் முடிவிற்கு வந்தார்.

1882இல், பல்கலைக்கழகப் படிப்பை முடித்த இருபத்தோரு வயது இளைஞர் கானோ, டோக்கியோவின் ஷிதாயா பகுதியில் எய்ஷோஜி என்னும் புத்தக் கோவிலின் அறையொன்றை வாடகைக்கு எடுத்தார். 12 பாய்கள் விரிக்கும் அளவே அவ்விடம். முதலாண்டில் சேர்ந்தவர் ஒன்பதின்மர். நெறியைக் கற்கும் கூடம் என்னும் பொருள்பட அதற்குக் கோடோகன் என்று பெயரிட்டார். மாணவர்கள் விழும் அதிர்ச்சியில் கோவிலில் இருந்த முன்னோர் நினைவுப் பலகைகள் சரிந்து விழுந்தன. குருவின் முகம் சுளித்தது. தரைப்பலகைகள் உடைந்தபோது, இரவில் விளக்கோடு தரைக்கடியில் தவழ்ந்து சென்று செப்பனிட்டவர் கானோ. மாணவரிடம் கட்டணம் வாங்காமல், அவர்களுக்கான பயிற்சி ஆடைகளையும் தாமே வாங்கித் தந்தார். அச்செலவிற்காகப் பகலில் ககுஷூயின் பள்ளியில் ஆசிரியப் பணி, இரவில் மொழிபெயர்ப்புப் பணி என உழைத்தார். போர்க்கலைக் கூடமொன்று மொழிபெயர்ப்பாளரின் ஊதியத்தில் வளர்ந்தது என்பது எழுத்துலகினர் மகிழத்தக்க செய்தி.

அவர் செய்த மாற்றங்களை நோக்கினால், ஒவ்வொன்றின் பின்னும் விழுந்து விழுந்து காயம்பட்ட மெலிந்த மாணவன் ஒருவன் நிற்பது தெரியும். வீழ்த்தக் கற்பதற்குமுன் விழக் கற்க வேண்டும் என்பதை அவர் முதற்பாடமாக்கினார். கையால் பாயைத் தட்டி, உடலை உருட்டி, தலை மோதாமல் விழும் முறை அது. உயிருக்கும் உறுப்புக்கும் ஊறு விளைக்கும் உத்திகளைத் தனிப் பயிற்சிப்போரிலிருந்து நீக்கி, வரையறுத்த அசைவுகளாக நிகழ்த்தும் வடிவப் பயிற்சிகளில் மட்டும் வைத்தார். மரபுகள் மறைத்துக் காத்தவற்றைக் காரணங்காட்டி விளக்கினார். வாய் திறவாத ஃபுகுடாவிடம் கற்றவர், விளக்கிச் சொல்லும் ஆசிரியரானார். எனினும் விழாமல் கற்கலாம் என்று எவருக்கும் அவர் சொன்னதில்லை. மாணவரின் வளர்ச்சியைக் குறிக்கப் படிநிலைகளையும் வகுத்தார். 1883இல் முதற்படி எய்தியவர் இருவர். அவர்களுள் ஒருவரான சாய்கோ ஷிரோ மிகக் குள்ளமானவர். 1880களின் நடுவில் காவல்துறையினர் நடத்திய போட்டிகளில் கோடோகன் மாணவர்கள் பழைய மரபினரை வென்றபின், கூடத்தின் புகழ் நாடெங்கும் பரவிற்று.

1889இல் அரசு அவரை ஐரோப்பியக் கல்விமுறையை அறிந்துவர அனுப்பியது. திரும்பும் கப்பலில் நிகழ்ந்ததாக ஒரு செய்தி வழங்குகிறது. உருவிற் பெரிய ரஷ்ய அதிகாரி ஒருவர் தம் வலிமையைக் காட்டிக் கொண்டிருந்தார். சிறிய உருவினரான கானோ அவரோடு பொருத நேர்ந்தது. அவரைத் தூக்கி எறிந்த கானோ, அவர் தலை மரத்தளத்தில் மோதாதபடி தம் கையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். பயணிகள் வெற்றியைவிட அச்செயலையே வியந்தனர். விடுதிப் பள்ளியில் அடிபட்ட சிறுவன் எத்துணைத் தொலைவு நடந்து வந்துவிட்டான் என்பதை அளக்க இந்நிகழ்ச்சி ஒன்றே போதும். வெல்ல விரும்பித் தொடங்கியவர், வெல்லும் நொடியிலேயே வீழ்பவனைக் காப்பவராக மாறியிருந்தார்.

கானோவின் வாழ்நாட்பணி ஜூடோவோடு அமையவில்லை. முதன்மையாக அவர் ஓர் ஆசிரியர். 1891இல் திருமணம் முடித்த அவர், அவ்வாண்டே தென்னகத்துக் குமமோட்டோ நகரின் ஐந்தாம் உயர்நிலைப் பள்ளித் தலைவரானார். அங்கு ஆங்கிலம் கற்பிக்க வந்தவர் லாஃப்காடியோ ஹெர்ன் என்னும் எழுத்தாளர். ஜப்பானின் உள்ளத்தை மேலையுலகிற்குக் காட்டிய ஹெர்ன், பள்ளியில் கண்ட இக்கலையைப் பற்றி எழுதிய கட்டுரை 1895இல் நூலொன்றில் வெளிவந்தது. மேலை நாகரிகத்தின் விசையை எதிர்த்து முறியாமல், அதன் விசையையே தன் வளர்ச்சிக்குப் பயன்படுத்திக்கொள்ளும் நாடாக ஜப்பானை அதில் ஹெர்ன் கண்டார். ஒரு மாணவனின் மெலிந்த உடலிற் பிறந்த கருத்து, ஒரு நாட்டின் வரலாற்றையே விளக்கும் உவமையாக இவ்வாறு உயர்ந்தது.

1893இல் கானோ டோக்கியோ உயர்நிலை ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தலைவரானார். இடையிடையே விலக நேர்ந்தும் 1920 வரை அப்பொறுப்பு அவரிடமே மீண்டும் மீண்டும் வந்தது. அங்கு ஆங்கில ஆசிரியராக அவர் அழைத்துக்கொண்ட இளைஞர், பின்னாளில் ஜப்பானிய நாவலின் பெருஞ்சிகரமாக விளங்கிய நட்சுமே சொசெகி. மாணவர்க்கு வழிகாட்டியாக விளங்கும் தகுதி தமக்கில்லை என்று சொசெகி தயங்கி மறுக்க, மறுக்கும் அந்நேர்மையையே கண்டு கானோ அவரை விடாது இசைவித்தார். வளைந்து கொடுத்தே தம்மை வீழ்த்திய அம்மனிதரைச் சொசெகி பல்லாண்டு கழித்தும் ஒரு சொற்பொழிவில் நினைவுகூர்ந்தார்.

1896இல் சீன அரசு அனுப்பிய 13 மாணவர்களின் கல்விப் பொறுப்பும் கானோவிடம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஜப்பான் சீனாவைப் போரில் வென்றிருந்தது. வென்ற நாட்டின் செருக்கோடு நடவாமல், கற்க வந்த விருந்தினராக அம்மாணவர்களை அவர் ஏற்றார். 1902இல் அப்பணி கோபுன் கல்விக்கூடமாக விரிந்தது. அவ்வாண்டு அங்கு சேர்ந்து 1904 வரை ஜப்பானிய மொழி பயின்ற இளைஞரே, நவீனச் சீன இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படும் லூ சுன். ஹெர்ன், சொசெகி, லூ சுன் என மூன்று எழுத்தாளர்களின் வாழ்க்கை இவ்வாசிரியரின் நிழலைத் தொட்டுச் சென்றமை இலக்கிய ஆர்வலர் மறக்கலாகாத ஒன்று.

நோயாளரும் முதியோரும் மெல்லியலாரும் இக்கலையிலிருந்து விலக்கப்படக் கூடாது என்பதில் கானோ உறுதியாக இருந்தார். பிறர் எண்ணத்திற்கு முன்னோடியாகப் பெண்களுக்குக் கற்பிக்கத் தொடங்கியவர், 1926இல் கோடோகனில் மகளிர் பிரிவையே நிறுவினார். 1880களிலேயே அவர் அமைத்த ஜூநோகதா என்னும் மென்மை வடிவம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. அதில் அசைவுகள் மெதுவானவை. ஒருவர் தாக்குவார், மற்றவர் இணங்கி அவ்விசையைத் திருப்புவார். தூக்கும் நிலை வரை சென்றும் எறிதல் இல்லை. ஆகவே விழுதலும் இல்லை. தனி ஆடை வேண்டா, பாய்கூட வேண்டா. முதுகு வளையவும் நெஞ்சு விரியவும் மூச்சுச் சீராகவும், நலிந்தோரும் அஞ்சாது பயிலத்தக்க வகையில் அது அமைந்துள்ளது. வலியவர் மட்டுமே பயில இயன்ற கலையாக ஜூடோ முடிந்துபோயிருக்குமானால், அதனைத் தோற்றுவித்த சிறுவனுக்கே அதில் இடமிருந்திராது. இதனைக் கானோ மறக்கவில்லை.

1909இல் அனைத்துலக ஒலிம்பிக் குழுவில் ஆசியாவின் முதல் உறுப்பினரானார். 1912இல் ஸ்டாக்ஹோம் நகர்ப் போட்டிக்கு இரண்டே வீரர்களோடு ஜப்பானின் சார்பில் சென்றார். ஆனால் ஒலிம்பிக்கில் ஜூடோவைச் சேர்க்க அவர் விரைந்ததில்லை. பதக்கமும் வெற்றியுமே நோக்கமாகிவிடுமோ என்னும் ஐயம் அவருக்கிருந்தது. 1922இல் தம் நெறியை இரண்டு தொடர்களில் அடக்கினார். ஆற்றலை மிக நன்கு பயன்கொள்ளல் ஒன்று; தானும் பிறரும் ஒருங்கே வளமுறல் மற்றொன்று. எதிராளி இன்றி ஜூடோ இல்லை. விழ இசைந்து உடன் நிற்பவர் இருப்பதனாலேயே வீழ்த்துபவர் கற்கிறார். பயிற்சிப் பாயிலிருந்து கானோ கண்ட அறம் இது. 1929இல் தாகூரின் விருப்பப்படி தகாகாகி ஷின்சோ என்னும் கோடோகன் ஆசிரியர் சாந்திநிகேதனுக்கு வந்து கற்பித்தார். கவிஞர் ஒருவரின் கல்விச்சோலையில் இந்நெறி இடம்பெற்றது பொருத்தமே.

கானோவின் முதுமைக் காலம் அவருடைய நெறிக்கே சோதனையாக அமைந்தது. 1940ஆம் ஆண்டின் ஒலிம்பிக்கை ஆசியாவில் முதன்முறையாக நடத்தும் வாய்ப்பு 1936இல் டோக்கியோவிற்குக் கிட்டியது. அதற்காக அவர் பெரிதும் உழைத்திருந்தார். மறு ஆண்டே ஜப்பான் சீனாவின்மேல் முழுப்போர் தொடுத்தது. சீன மாணவர்களுக்குக் கல்விக்கூடம் அமைத்தவர், தானும் பிறரும் ஒருங்கே வளமுறல் என்பதைக் குறிக்கோளாக்கியவர், தம் நாடு பெருவலிமையை நம்பி முன்னோக்கிச் சாய்வதைத் தம் கண்ணாலேயே காண நேர்ந்தது. 1938 மார்ச்சில், எழுபத்தேழு வயதில், நெடுவழி கடந்து கெய்ரோ சென்று, போட்டியை டோக்கியோவிலேயே நடத்தக் குழுவினரை அவர் இசைவித்தார். அமெரிக்கா வழியாகத் திரும்பும்போது ஹிகாவா மாரு என்னும் கப்பலில் நிமோனியா கண்டு, 1938 மே 4ஆம் நாள், யோகோகாமா துறைமுகத்திற்கு இரண்டு நாள் தொலைவில், கடல்மீதே உயிர்நீத்தார். அவர் உடல் சிபா மாவட்டத்தின் மட்சுதோ நகரிலுள்ள இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. இரண்டே மாதங்களில், போரைக் காரணமாக்கி, ஜப்பான் அந்த ஒலிம்பிக்கைக் கைவிட்டது. அவர் இசைவித்து வந்த அனைத்தும் வீணாயின. வாழ்நாள் முழுதும் இணக்கத்தைக் கற்பித்தவரால் தம் நாட்டின் சாய்வைத் தடுக்க இயலவில்லை என்பதை மறைத்து அவர் வரலாற்றை எழுதுதல் தகாது.

1945இல் போர் முடிந்தபோது, பள்ளிகளில் போர்க்கலைகள் அனைத்தும் தடைசெய்யப்பட்டன, ஜூடோவும் தப்பவில்லை. 1950இல் அது மீண்டும் பள்ளிகளுக்கு வந்தது. 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடைபெற்றபோது ஜூடோவும் அதில் இடம்பெற்றது. எடை வரம்பற்ற பிரிவில் ஆறரையடி உயரமுடைய டச்சுக்காரர் ஆன்டன் கீசிங்க் ஜப்பானிய வீரரை வென்றார். மெல்லியவர் வலியவரை வெல்வார் என்று நம்பிய அரங்கம் உறைந்துபோயிற்று. வென்ற நொடியில் கீசிங்க் செய்ததும் நினைவில் நின்றது. மகிழ்ச்சியில் பாயின்மேல் பாய்ந்து ஏற முயன்ற தம் நாட்டாரைக் கை காட்டித் தடுத்து, தோற்றவரின் மானத்தைக் காத்தார் அவர். கானோவின் வீழ்த்துமுறைகள் மட்டுமன்றி, கப்பலில் ஒருவரின் தலையைத் தாங்கிய கையும் கடல் கடந்து சென்றிருந்தது.

அதே ஒலிம்பிக்கில் பெண்மணி ஒருவர் ஜூநோகதாவை நிகழ்த்திக் காட்டினார். அவர் ஃபுகுடா கெய்கோ. கானோவுக்கு வாய் திறவாது கற்பித்த அந்த எலும்பு வைத்தியரின் பேத்தி. ஆசானின் கடனை மறவாத கானோ அழைத்ததன் பேரில் 1935இல் மகளிர் பிரிவில் சேர்ந்தவர். ஐந்தடியும் எட்டாத உருவினர். பின்னர் அமெரிக்கா சென்று, முதுமையிலும் தளராது கற்பித்து, 2013இல் தொண்ணூற்றொன்பது வயதில் மறைந்தார். எறிதலும் விழுதலும் இல்லாத அம்மென்மை வடிவத்தையே அவர் தம் வாழ்நாட்பணியாகக் கொண்டார். ஒருவர் விசையை மற்றவர் கேட்டு இணங்கும் அவ்வடிவத்தில், 1877இல் எலும்பு வைத்தியரின் பெயர்ப்பலகையைத் தேடித் தெருத்தெருவாய் அலைந்த மெலிந்த மாணவனின் வினாவிற்கான விடை இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது.